சும்மா ஒரு காபி

“இன்டர்வியூவெல்லாம் ஒண்ணுமில்லீங்க,
சும்மா வாங்க, ஒரு காபி குடிச்சிக்கிட்டே பேசலாம்”
என்று சொல்லி வைத்துவிட்டார் டாக்டர் நெர்மின்.
வியாழன், பத்து மணி, உப்புச் சதுக்கம்.

இன்டர்வியூ என்றால் எனக்குத் தெரியும்.
மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்,
இந்தப் பக்கம் முழங்காலை ஒட்டிக்கொண்டு நான்.
சும்மாவுக்கு எப்படித் தயாராவது?

சோப்புத்தூள் ஆலையில் பத்தொன்பது வருடம்
சம்பளக் கணக்கு எழுதியவள்.
கடைசி மாதப் பட்டியலில்
‘மிர்ஸாதா’ என்ற பெயருக்கு நேரே
நானே என் கையால் சுழியம் போட்டேன்.
பிறகு இரண்டரை வருடம்
உப்பு விற்கப் போனால் மழை.
துஸ்லா உப்பு விளைந்த ஊர்தான்,
ஆனால் மழை எனக்கு மட்டும்.

இப்போது ஒரு பல் கிளினிக்கில் கணக்கு வேலை.
கோப்பை எடுத்துப்போனால் அது இன்டர்வியூ,
கோப்பையை எடுத்தால் காபி.
இரண்டையும் ஒரே கையில் எப்படிப் பிடிப்பது?
கடைசியில் பயோடேட்டாவை நான்காக மடித்துக்
கைப்பைக்குள் வைத்தேன்.
மடிப்பு சரியாக அந்த இரண்டரை வருடத்தின்மேல் விழுந்தது.
பிரித்து மூன்றாக மடித்தேன்.

கிராஸிலிருந்து மகள் எல்மா
போன் திரைக்குள் டாக்டரானாள்.
தொண்டையைச் செருமிக்கொண்டு,
“உங்களப் பத்திச் சொல்லுங்க.”
சொன்னேன்.
“அம்மா, இது ஆலையப் பத்தி.”
மறுபடி சொன்னேன்.
“இது என்னப் பத்தி.”
இணைப்பு துண்டிக்கப்பட்டது, அல்லது
அவளுக்கு வேலைக்கு நேரமாகியிருக்கும்.

சர்க்கரைக் கட்டியைக் காபியில் நனைத்து
நறுக்கென்று கடிப்பது என் வழக்கம்.
பல் டாக்டர் முன்னால் அது கூடாது.
கசப்பாகவே குடித்துப் பழகினேன்,
மூன்று நாள், முகம் சுளிக்காமல்,
கண்ணாடி பார்த்து.

புதன்கிழமை, விலை பார்த்து வரலாமென்று போனேன்.
பாவத்துக்கு அவர் பணம் கொடுக்காவிட்டால்?
கோட்டுப் பையில் ஐந்து மார்க் இருந்தது.
ஜன்னலோரம் நெர்மின்.
எதிரே பச்சைக் கோட்டில் ஒரு பெண்.
அவள் கைப்பையின் வாயில்
வெள்ளைத் தாளின் ஓரம்.
அவளும் மூன்றாகத்தான் மடித்திருந்தாள்.

அவள் எழுந்து போனபோது
நாற்காலிக்கடியில் ஒரு கையுறை கிடந்தது.
கொடுக்கத்தான் ஓடினேன்.
அப்படித்தான் நினைக்கிறேன்.

பேருந்து நிலையத்துச் சின்னக் கடையில் உட்கார்ந்தோம்.
பெயர் யஸ்னா, டைல்ஸ் கடையில் பில் போட்டவள்,
கடையை மூடி எட்டு மாதம்.
“என்ன கேட்டார்?”
“ஒண்ணும் கேக்கல.
அவரோட நாய்க்குக் காதுவலியாம்.
இருபது நிமிஷம் அதையேதான் சொன்னார்.
நான் படிச்சிட்டுப் போனதெல்லாம் நாக்குலயே நின்னுது.”
“எந்தக் காது?” என்றேன்.
அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.
“அதத்தான் நான் கேக்கல.”

சர்க்கரைக் கட்டியை நனைத்துக் கடித்தாள்.
நானும் கடித்தேன்.
மூன்று நாள் பழக்கம் ஒரே கடியில் போயிற்று.

“நீங்க எதுக்கு அங்க வந்தீங்க?”

“சும்மா” என்றேன்.

பில் வந்ததும் எங்கள் ஊர்ச் சண்டை.
அவள் என் மணிக்கட்டைப் பிடிக்க,
நான் அவள் பர்ஸைத் தள்ள,
கடைக்காரப் பையன் தட்டை உயரத் தூக்கிக்கொண்டு நிற்க,
கடைசியில் ஜெயித்தேன்.
இரண்டரை வருடத்தில்
நான் ஜெயித்தது இது ஒன்றுதான்.
பச்சைக் கோட்டு பேருந்தேறிக் கையசைத்தது,
இரண்டு கையுறையோடும்.

ஐந்து மார்க்கும் போயிற்று.
நாளை டாக்டர்தான் கொடுத்தாக வேண்டும்.
வீடுவரை நடந்தேன்.
இடது காதா, வலது காதா
என்று கேட்கப் போகிறேனா,
தெரியவில்லை.
கேட்டால் வேலை கிடைக்கும்போலத் தோன்றுகிறது.
அதுதான்
தூக்கம் வரவில்லை.